ஒரு இஞ்ச் குறைஞ்ச புல்லட்

கரிசல் காட்டில் வண்டிச் சக்கரம் எத்தனை உயரம் இருக்க வேண்டும் என்று மண்தான் சொல்லும். கோவில்பட்டிக்குக் கிழக்கே எட்டயபுரம், விளாத்திகுளம், நாகலாபுரம், புதூர் என்று விரிகிற பூமி புரட்டாசி வரைக்கும் கால் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஐப்பசியில் இரண்டு மழை விழுந்துவிட்டால் அதே மண் ஊதிப் புடைத்துக்கொண்டு, மிதித்தவனிடம் செருப்பைக் கேட்டு வாங்கிவிடும். அந்த மண்ணுக்காக ஆசாரிமார் செய்த மாட்டு வண்டிச் சக்கரம் ஆளின் நெஞ்சுயரம் இருந்தது. குடம், ஆரக்கால், வட்டை எல்லாம் சேர்ந்த பிறகு, அதைவிடக் கொஞ்சம் சின்னதாக அடித்த இரும்புப் பட்டையை எருவாட்டி அடுக்கிக் காய்ச்சி, செக்கச் செவேலென்று எடுத்து மாட்டித் தண்ணீரை ஊற்றுவார்கள். பட்டை சுருங்கி மரத்தைக் கவ்வும்போது வருகிற கிரீச்சென்ற சத்தத்தைக் கேட்பதற்கே பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவர்கள் உண்டு.

பிறகு டயர் வண்டி வந்தது. லாரிக்காரன் கழித்துப் போட்ட டயரை வாங்கி மாட்டு வண்டிக்குப் போட்டார்கள். நெஞ்சுயரச் சக்கரம் இடுப்புக்குக் கீழே இறங்கியது. தார் ரோட்டில் மாட்டுக்குச் சுகம். காட்டுக்குள் இறங்கினால், "சவத்து வண்டி சேத்துக்குள்ள சம்மணம் போட்டு உக்காந்துக்கிட்டு" என்று பெரியாட்கள் வைதார்கள். ஆகவே சக்கரத்தைக் குறைக்கலாமா கூடாதா என்கிற வழக்கு எங்கள் பக்கத்தில் புல்லட்டுக்கு ரொம்ப முந்தியது. நான் சொல்ல வந்தது அதில் கடைசியாக நடந்த ஒரு விசாரணை.

எங்க அய்யா பருத்தி, வத்தல், மல்லி யாவாரி. காட்டுக்கே போய்ப் பார்த்து, வத்தலை ஒடித்துக் காதருகே ஆட்டி விதைச் சத்தம் கேட்டு விலை பேசுகிற ஜாதி. மதுரையில் ஒரு காண்ட்ராக்டரிடமிருந்து ஒரு புல்லட்டை இரண்டாம் கையாக வாங்கிவந்தார். 1972 மாடல். 346 சிசி. சிலிண்டரின் குறுக்களவு 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியருக்கு மேலே தட்ட வேண்டும், மற்றதுக்கெல்லாம் கீழே மிதிக்க வேண்டும். வேறு வண்டி ஓட்டிப் பழகியவன் இதில் ஏறினால் பிரேக் என்று நினைத்து கியரை மிதிப்பான். அதனால் யாரும் இரவல் கேட்க மாட்டார்கள். அய்யா அந்த வண்டியை வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று அம்மா சொல்வாள்.

அந்த வண்டியின் பூர்வீகம் இங்கிலாந்தில் ரெட்டிச் என்கிற ஊர். எல்லைக் காவலுக்கு என்று இந்திய ராணுவம் 800 புல்லட் கேட்டதில் தொடங்கியது கதை. 1955-ல் ரெட்டிச் கம்பெனி மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை உருவாக்கியது. திருவொற்றியூரில் வண்டி செய்ய ஆரம்பித்தார்கள். 1967-ல் ரெட்டிச் தொழிற்சாலையை மூடினார்கள். 1970-ல் இங்கிலாந்தில் என்ஃபீல்டு என்கிற பெயரில் வண்டி செய்வதே நின்றுபோனது. திருவொற்றியூர்க்காரர்களுக்கு யாரும் தந்தி கொடுக்கவில்லையோ என்னவோ, அவர்கள் பாட்டுக்கு அதே வண்டியைச் செய்துகொண்டே இருந்தார்கள். 1977-லிருந்து அதை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்யவும் செய்தார்கள். இத்தனையிலும் மாறாத ஒன்று சக்கரம். முன்னாலும் 19 அங்குல ரிம், பின்னாலும் 19 அங்குல ரிம், இரண்டிலும் 3.25 டயர். ராணுவம் மலைமேல் ஏற்றுவதற்குக் கேட்ட சக்கரம். வத்தல் காட்டை யாரும் நினைத்துப் பார்த்திருக்க வழியில்லை.

நினைத்துப் பார்க்காததன் பலன் ஐப்பசியில் தெரியும். மழை வெறித்த மறுநாள் வண்டிப் பாதையில் இறங்கினால், முதல் நூறடி ஒன்றும் இருக்காது. பிறகு டயரில் கரிசல் அப்பும். அப்பியது விழாது. அதன்மேல் இன்னொரு சுற்று அப்பும். டயருக்கும் மர்காட்டுக்கும் நடுவில் இருக்கிற விரலளவு சந்து அடைபட்டதும், மேலே இருக்கிற சேறு கீழே இருக்கிற சேற்றைப் பிடித்துக்கொள்ளும். வண்டி உறுமும், கிளட்ச் தீய்ந்த வாடை வரும், சக்கரம் சுற்றாது. 170 கிலோ வண்டி யாரும் பிடிக்காமலே நட்டமாக நிற்கும். அப்போது இறங்கி, பருத்தி மாரை ஒடித்து நோண்ட வேண்டும். மார் நொடிந்துவிடும். அதனால் அய்யா டூல் பாக்ஸில் ஸ்பேனரோடு ஒரு களைசுரண்டியும் வைத்திருந்தார். ஒரு பக்கம் நோண்டி எடுத்து, ஐம்பதடி ஓட்டி, மறுபடி நோண்டி... காட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் சம்சாரி வேறு யாவாரிக்கு வத்தலைப் பேசி முடித்திருப்பார். மழைக்காலம் முழுக்க முன் மர்காட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுகிறவர்கள் உண்டு. அய்யாவுக்கு அது சம்மதமில்லை. சேறு முகத்தில் அடிக்கும், வெள்ளை வேட்டி என்னாகும்?

இன்னொரு கஷ்டம் டயர். 1984, 85 வாக்கில் நாட்டுக்குள் ஜப்பான் வண்டிகள் நுழைந்தன. இண்ட்-சுசுகி, ஹீரோ ஹோண்டா, ஆர்.எக்ஸ். 100 எல்லாமே 18 அங்குலச் சக்கரம். கோவில்பட்டி மெயின் ரோட்டு டயர் கடையில் 18 அடுக்கி வைத்திருப்பார்கள். 19 கேட்டால், "மதுரைக்குச் சொல்லிவிடணும் அண்ணாச்சி" என்பார்கள். சொல்லிவிட்ட டயர் பஸ் மேலே ஏறி வருவதற்குள் இரண்டு சந்தை போய்விடும்.

எங்கள் மெக்கானிக் அண்ணாச்சி பேச்சைக் குறைவாகவும் பீடியை அதிகமாகவும் உபயோகிப்பவர். ஒருநாள் பின் சக்கரத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பின்னாடி 18 போட்டுருவமா? டயரு இங்கனக்குள்ளயே கெடைக்கும். மர்காட்டுக்கும் டயருக்கும் நடுவுல அரை இஞ்ச் சந்தும் கூடும். சேறு அதுபாட்டுக்கு வரட்டும் போகட்டும்."

அய்யா யோசித்தார். "வண்டி குட்டையாயிருமேப்பா?"

"நீங்க என்ன மாப்பிள்ளை அழைப்புக்கா போறீக? வத்தல் எடுக்கத்தான போறீக?"

தீர்ப்பு ஆகிவிட்டது. ஆனால் காரியம் அவ்வளவு லேசு இல்லை. ஜப்பான் வண்டி ரிம்மில் 36 ஓட்டை. புல்லட் ஹப்பில் 40. நான்கு கம்பியை எங்கே கொண்டுபோய் மாட்டுவது? மதுரையில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் 40 ஓட்டை போட்ட 18 அங்குல ரிம் ஒன்று சொல்லிவைத்து வந்தது. உதட்டுக்கு உதடு 1.85 அங்குல அகலம், அதாவது டபிள்யூ.எம். 2 என்று முத்திரை குத்திய ரிம். பழைய 19-க்கும் அதே அகலம்தான். அடுத்தது போக்ஸ் கம்பி. ரிம் விட்டத்தில் ஓர் அங்குலம் குறைந்தால் ஒவ்வொரு கம்பியும் அரை அங்குலம் குறைய வேண்டும். அந்த நீளத்தில் புல்லட் கம்பி எந்தக் கடையிலும் கிடையாது. அண்ணாச்சி 40 கம்பியையும் வைஸில் பிடித்து வெட்டி, டையைப் போட்டுக் கையால் மரை இழுத்தார். எண்ணெய் விட்டு முக்கால் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால். ஒரு பகல் முழுக்க அதே வேலை. வெட்டி இழுத்த மரை கம்பெனி மரை அளவுக்கு வலு கிடையாது என்று அவருக்கே தெரியும். "பொதி ஏத்தினா ரெண்டு கம்பி போவும். போனா மாத்திக்கிடுவோம்" என்றார். சொன்னபடியே போனது, மாற்றிக்கொண்டோம்.

கோர்க்கும் வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சாக்கை விரித்து, ரிம்மைப் படுக்கப்போட்டு, நடுவில் ஹப்பை வைப்பார். ஹப்பின் ஒரு பக்கத்துக்கு 20 கம்பி, மறுபக்கத்துக்கு 20. அதில் பாதி உள்ளேயிருந்து வெளியே, பாதி வெளியேயிருந்து உள்ளே. ஒரு கம்பி முன்பக்கம் சாய்ந்தால் அடுத்தது பின்பக்கம் சாயும். ஒன்றை மாற்றிக் கோர்த்துவிட்டால் முப்பதாவது கம்பிக்கு வந்த பிறகுதான் தெரியும். அப்போது அவர் யாரையும் வைய மாட்டார், பீடியை மட்டும் பற்றவைப்பார். எல்லா நிப்பிளையும் விரலால் திருகி, சக்கரத்தைத் தூக்கி வண்டியின் பின் ஃபோர்க்கிலேயே மாட்டுவார். அதற்குத் தனியாகச் சட்டமெல்லாம் கிடையாது. ஒரு துண்டுச் செங்கலை ஃபோர்க்கில் ஊன்றி, ரிம்முக்கு மயிரிழை தள்ளிப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றுவார். எந்த இடம் செங்கலில் உரசுகிறதோ அங்கே சிவப்புக் கீறல் விழும். அந்த இடத்து ஒரு பக்கக் கம்பியை அரைத் திருகு தளர்த்தி, எதிர்ப்பக்கத்தை அரைத் திருகு முறுக்குவார். இதுதான் கோட்டம் எடுக்கிறது. பக்கக் கோட்டம் போன பிறகு ஏற்ற இறக்கம். கடைசியில் ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக் கேட்பார். எல்லாம் ஒரே மாதிரி ‘டிங்’கென்றால் சரி. ஒன்று ‘டக்’கென்றால் அது சும்மா நிற்கிறது, பக்கத்துக் கம்பி அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கிறது என்று அர்த்தம். மில் சங்கு ஊதினால் ஊதி முடியும் வரை ஸ்பேனரைத் தூக்கிப் பிடித்தபடியே காத்திருப்பார்.

நிப்பிளுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கம்பி முனைகளை அரத்தால் ராவி, பழைய லாரி டியூபில் பட்டையாகக் கத்தரித்து ரிம்முக்குள் சுற்றிவிட்டார். டியூபைக் குத்தாமல் இருக்க.

கணக்குப் பார்க்கிறவர்களுக்காக: 3.25-19 டயரின் மொத்தக் குறுக்களவு காகிதத்தில் 25.5 அங்குலம். 18-க்கு 24.5. சுற்றளவில் மூன்று அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் குறையும். கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் ஏறக்குறைய 15 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்துக்குப் பின் சக்கரம் பழையபடி சுற்றுவதைவிடச் சுமார் 300 சுற்று அதிகம் சுற்ற வேண்டும். வேகத்தில் நூற்றுக்கு நாலு பங்கு குறைவு, இழுவையில் அந்த அளவு கூடுதல். இரண்டு வத்தல் மூடையைக் கட்டிக்கொண்டு வருகிறவனுக்கு இது நஷ்டமா? ஸ்பீடாமீட்டர் கேபிள் முன் சக்கரத்தில் மாட்டியிருந்ததால் பின்னால் நடந்த மாற்றம் அதற்குத் தெரியவே தெரியாது. எங்களுக்குத்தான் ஒரு சங்கடம் வந்தது. பின்பக்கம் தணிந்ததால் சைடு ஸ்டாண்டு போட்டால் வண்டி சாயாமல் விறைத்து நின்றது; காற்றடித்தால் மறுபக்கம் சரிந்தது. ஸ்டாண்டில் அரை அங்குலத்தை அறுத்துவிட்டுப் பற்றவைத்தார்கள்.

ஐப்பசி வந்தது. சேறு அப்பியது, ஆனால் இறுகுவதற்கு முன்னால் தானாகவே கொஞ்சம் பிய்ந்து விழுந்தது. களைசுரண்டிக்கு வேலை பாதியாகக் குறைந்தது. அய்யா சொன்ன ஒரே பாராட்டு, "பரவால்ல."

ஊரில் அப்படி யாரும் சொல்லவில்லை. அப்போது கோவில்பட்டியில் புல்லட் வைத்திருந்தவர்களை எண்ணிவிடலாம். இன்ஸ்பெக்டர், வக்கீல், தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிகள், மில்லில் பெரிய உத்தியோகஸ்தர். அவர்கள் வண்டியெல்லாம் கோர்ட்டிலிருந்து கிளப்புக்கும், கிளப்பிலிருந்து கோர்ட்டுக்கும் போய்வந்தன. ரிம்மில் முகம் பார்க்கலாம். எங்கள் வண்டியைப் பார்த்ததும் வக்கீல் ஒருத்தர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். "என்ன அண்ணாச்சி, வண்டி குந்திக்கிட்டு நிக்கி?" என்றார். அய்யா விவரம் சொன்னார். "அதுசரி, கம்பெனிக்காரனுக்குத் தெரியாததா நம்ம ஊர் ஒர்க்ஷாப்காரனுக்குத் தெரிஞ்சிட்டு?" என்றார் வக்கீல். அய்யாவுக்குப் பதில் இருந்தது. ஆனால் வக்கீலிடம் ஒரு சிவில் கேஸ் நடந்துகொண்டிருந்ததால் சொல்லவில்லை.

அந்தக் கேள்விக்குக் கம்பெனிக்காரனே பதில் சொன்னான், பல வருஷம் கழித்து. அதற்குள் 1994-லேயே கம்பெனி ஐஷர் கைக்குப் போயிருந்தது. கிளாசிக் 350 என்று ஒரு வண்டி விட்டார்கள். பழைய காலத்து உருவம், தனி சீட்டு, பளபளப்பு. முன்னால் 19, பின்னால் 18. எங்கள் அண்ணாச்சி செங்கல் துண்டை வைத்துக் கோட்டம் எடுத்த அதே கணக்கு. இப்போது அதற்குப் பெயர் தோரணை. பெங்களூரிலும் டெல்லியிலும் மாதக் கணக்கில் காத்திருந்து வாங்கினார்கள். வக்கீலின் மகனும் ஒன்று வாங்கினார். பின்பக்கம் குந்திக்கொண்டு நிற்பதாக அவருக்கு யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. 2022-ல் ஹண்டர் 350 என்று ஒன்று வந்தது. அதில் முன்னும் பின்னும் 17. மலைக்கும் ராணுவத்துக்கும் என்று வந்த சக்கரம் ஒவ்வோர் அங்குலமாக இறங்கி நகரத்து டிராபிக்குக்கு வந்து சேர்ந்துவிட்டது.

எதிர்த்திசையில் போனவனும் இருக்கிறான். ஜாவா. மைசூரில் ஐடியல் ஜாவா செய்த பழைய 250-க்கு 16 அங்குலச் சக்கரம், ஆழமான முன் மர்காட். கோவில்பட்டியில் அதை வைத்திருந்தவர்கள் மழை மேகத்தைப் பார்த்தால் வண்டியைப் பூட்டிவிட்டு பஸ் பிடிப்பார்கள். அந்தக் கம்பெனி 1996-ல் மூடிப்போனது. 2018-ல் அதே பெயரில், அதே சாயலில் வண்டி திரும்பி வந்தபோது முன்னால் 18, பின்னால் 17. போனபோது குள்ளமாகப் போனவன் வளர்ந்து வந்தான். கேட்டால் பழைய ஜாவாவேதான் என்கிறார்கள்.

நிஜத்தில் கரிசலை ஜெயித்தது இந்த இரண்டும் இல்லை. 1980-ல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50-ம் அதன் வாரிசான எக்ஸ்.எல்.லும்தான். 16 அங்குலச் சக்கரம், ஒல்லி டயர். சேற்றில் மாட்டினால் ஒருத்தன் ஹேண்டில்பாரைப் பிடிக்க, இன்னொருத்தன் கேரியரைப் பிடிக்க, தூக்கி வரப்பில் வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். நாற்பது கம்பிக்கும் மரை வெட்டிய நாங்கள் இந்தப் பாடத்தைக் கவனிக்கவில்லை. புல்லட் வைத்திருக்கிறவன் எக்ஸ்.எல்.லைத் திரும்பிப் பார்ப்பது அந்தக் காலத்தில் வழக்கமில்லை.

அய்யா போன பிறகு வண்டி மாட்டுத் தொழுவத்தில் கிடந்தது. மாடும் இல்லை. கோழிகள் டேங்க் மேலே அடைந்தன. மூன்று வருஷத்துக்கு முன் சோழிங்கநல்லூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற அண்ணன் மகன் பொங்கலுக்கு வந்தவன், சாக்கை விலக்கிப் பார்த்துவிட்டுக் கண்கலங்கினான். தாத்தாவை நினைத்துத்தான் என்று அம்மா நினைத்தாள். அவன் டேப்பை எடுத்துப் பின் சக்கரத்தை அளந்தான்.

"சித்தப்பா! பின்னாடி 18 கெடக்கு. யாரு பண்ணின வேலை இது?"

வீட்டில் களவு போனதைக் கண்டுபிடித்தவன் குரல். சேறு, டயர், மர்காட் எல்லாம் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். பிறகு, "அதெல்லாம் சரி சித்தப்பா, ஆனா ஒரிஜினல் இல்லையே" என்றான். அந்த வண்டியைத் தாத்தா ஓட்டியதிலேயே முக்கால்வாசிக் காலம் 18-ல்தான் ஓட்டினார் என்பது ஒரிஜினல் கணக்கில் வராதாம்.

பழைய 19 ரிம்மைத் தேடும் படலம் ஆரம்பித்தது. கழற்றியதை அய்யா எறிந்திருக்க மாட்டார், எதையும் எறிகிற ஆள் இல்லை. அடுப்படிக்குப் பின்னால் மண் தொட்டிக்குக் கீழே இருந்தது. அம்மா இத்தனை வருஷமும் அதைப் பிரிமனையாக வைத்திருந்தாள். "எடுத்துட்டுப் போ, ஆனா தொட்டி ஆடாம இருக்க வேற எதையாச்சும் குடுத்துட்டுப் போ" என்றாள். தண்ணீர் சொட்டிச் சொட்டி குரோமியம் பூச்சு உரிந்து, துரு ஊசி ஊசியாக இறங்கியிருந்தது. அவன் அதைத் துணியில் சுற்றிக் காரில் வைத்துக்கொண்டு போனான். கோயம்புத்தூரில் பழைய வண்டிகளைப் புதுப்பிக்கிற ஒரு பட்டறையில், தேறாது என்று சொல்லிவிட்டார்கள்.

பிறகு புது ரிம் வந்தது. 40 ஓட்டை, 19 அங்குலம், செல்போனில் சொல்லி மூன்றாம் நாள் வாசலுக்கு. அன்றைக்கு மதுரை பஸ் மேலே பார்சல் ஏறுமா ஏறாதா என்று அய்யா பஸ் ஸ்டாண்டில் நின்றதெல்லாம் அவனுக்குச் சொன்னால் நாட்டுப்புறக் கதை கேட்கிற முகம். எவர்சில்வர் போக்ஸ் கம்பி, சட்டத்தில் மாட்டி, டயல் வைத்த கருவியால் அரை மில்லிமீட்டருக்குள் கோட்டம் எடுத்தார்களாம். டயரில்கூட அந்தக் காலத்துப் பட்டன் போட்ட மாதிரியே தேடிப் போட்டார்கள். ரிம், கம்பி, டயர், கோர்த்த கூலி எல்லாம் சேர்த்து வந்த பில், அய்யா அந்த முழு வண்டிக்கும் மதுரையில் எண்ணிக்கொடுத்த ரூபாயைவிட அதிகம். அறுத்துப் பற்றவைத்த சைடு ஸ்டாண்டையும் தூக்கிப்போட்டுவிட்டு முழு நீளத்தில் ஒன்று போட்டார்கள். டூல் பாக்ஸிலிருந்து களைசுரண்டியை எடுத்து, ‘இது எதுக்குன்னு தெரியலை சார்’ என்று தனியாக ஒரு கவரில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும்.

வண்டி லாரியில் வந்து இறங்கியது. அழகாக இருந்தது, மறுக்க மாட்டேன். முழு உயரத்தில், குந்தாமல், வக்கீல் பார்த்தால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போய்விடுகிற மாதிரி நின்றது. ஆனால் அது போவதற்கு இப்போது சேறு எங்கே இருக்கிறது? ஊருக்கு ஊர் தார் ரோடு. மதுரை-திருநெல்வேலி நாலு வழிச் சாலை இடைசெவலை உரசிக்கொண்டு போகிறது, எழுத்தாளர் கி. ராஜநாராயணன் பிறந்த ஊரைக் கண்ணிமைக்கிற நேரத்தில் தாண்டிவிடுகிறார்கள். பருத்திக் காடு பாதிக்கு மேல் மக்காச்சோளமாகிவிட்டது. வத்தலைப் பார்க்க யாவாரி காட்டுக்குப் போவதில்லை, போட்டோ அனுப்பச் சொல்கிறான். விதைச் சத்தத்தை எப்படிக் கேட்கிறார்களோ. 19-க்கு இன்றைக்கு எந்த இடைஞ்சலும் கிடையாது. வேலையும் கிடையாது.

அடுத்து ஆர்.சி. பிரச்சினை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. ஆகவே எங்கள் வண்டி இத்தனை வருஷம் குற்றவாளியாகத்தான் ஓடியிருக்கிறது. சேறு சாட்சி சொல்ல வரவில்லை, அவ்வளவுதான். பையன் ஆனந்தமாகிவிட்டான்: "பாத்தீங்களா சித்தப்பா, நல்லவேளை மாத்தினோம்." அதோடு விடாமல் இன்னொன்றையும் கண்டுபிடித்து வந்தான். 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டிய வண்டி, அதன் அசல் உருவத்தில் இருந்தால், ‘விண்டேஜ்’ என்று தனியாகப் பதியலாம். நம்பரில் ‘வி.ஏ.’ என்று இரண்டு எழுத்து வரும். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷத்துக்குச் செல்லும், திரும்பப் புதுப்பிக்க 5,000. 1972-ஐ 2022-ல் கழித்துப் பார்த்தால் கச்சிதமாக 50.

மெக்கானிக் அண்ணாச்சியை வண்டி பார்க்க அழைத்துவந்தேன். சர்க்கரை வந்து மெலிந்துவிட்டார். பீடியை விட்டாயிற்று, பேச்சும் கூடவில்லை. ஒர்க்ஷாப்பை மகன் பார்க்கிறான். பாதி வண்டி பேட்டரி வண்டி. அண்ணாச்சி திண்ணையில் உட்கார்ந்தபடியே பின் சக்கரத்தைச் சுற்றச் சொன்னார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பாக்கெட்டிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்துக் கம்பிகளைத் தட்டினார்.

"கோட்டம் இல்ல. நல்லா கோத்திருக்கான்."

பையனுக்கு முகம் மலர்ந்தது. அண்ணாச்சி மர்காட்டுக்கும் டயருக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தார். விரல் நெருக்கிப் பிடித்துப் போனது. ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டார்.

"இத எங்கன ஓட்டப் போறீக?"

"சும்மா ஓட்ட முடியாது தாத்தா. விண்டேஜ் நம்பர் வாங்கிட்டா கண்காட்சிக்கு, பழைய வண்டி ஊர்வலத்துக்குக் கொண்டுபோகலாம். ரிப்பேருக்குப் போகலாம். பெட்ரோல் போடப் போகலாம். மத்தபடி ரோட்டுல எடுக்கக் கூடாது."

"காட்டுக்கு?"

"கூடாது."

அண்ணாச்சி கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப பெட்ரோல புதூர் பங்க்குலயே போட்டுக்கிடுங்க. போற வழியிலதான உங்க தாத்தா வத்தல் எடுத்த காடெல்லாம் இருக்கு."